பெரிய வெள்ளியன்று இரண்டு முட்டை

எங்கள் சபையில் அவருக்குப் பீட்ரூட் அண்ணாச்சி என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் பீட்ரூட். சபை விருந்துகளில் அவர் தட்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். பாதித் தட்டு சிவந்திருக்கும். பரிமாறுகிற பெண்கள் கரண்டியோடு கடந்து போனால், "ஏம்மா, அந்தச் செவப்புல இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்று கூப்பிடுவார். சட்டையின் வலது கைநுனியில் எப்போதும் ஓர் ஊதாக் கறை உண்டு. திருவிருந்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் கறையும் கூடவே வரும்.

பீட்ரூட் மட்டும் இல்லை. சட்டைப் பையில் பேரீச்சம்பழம் வைத்திருப்பார். பாட்டுப் பயிற்சியில் மற்றவர்கள் ராகம் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். டிபன் டப்பாவைத் திறந்தால் ஒரு நாள் கீரை, ஒரு நாள் ஆட்டு ஈரல். சாப்பாட்டு ராமன் என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

அப்புறம் கொசு. கல்கத்தாவில் கொசுவுக்குப் பயப்படாதவன் கிடையாது. ஆனால் அண்ணாச்சி அளவுக்குப் பயந்தவரை நான் பார்த்ததில்லை. மே மாத வெக்கையில் முழுக்கைச் சட்டை, காலில் சாக்ஸ். சாயங்காலக் கூட்டங்களுக்குக் கொசுவத்திச் சுருளைப் பையில் கொண்டுவந்து தன் காலடியில் கொளுத்தி வைப்பார். எங்கள் செயலாளர் ஒருநாள் தாங்க மாட்டாமல் கேட்டார். "என்ன அண்ணாச்சி, பரலோகத்துலயும் கொசுவலை கேப்பீங்க போலிருக்கே?"

"அங்க போனப்புறம் கடிச்சாப் பரவாயில்லைய்யா. இங்க கடிச்சாத்தான் கஷ்டம்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். எதற்குச் சொல்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை ஒளித்துவைக்க இதில் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியின் ரத்தம் அபூர்வமான வகை. இந்த ஊரில் தேடினால் அகப்படுவது கஷ்டம். யார் யாரோ கூப்பிடுவார்கள், போய்க் கொடுத்துவிட்டு வருவார். ஒரு தடவை கொடுத்தால் அடுத்து மூன்று மாதம் எடுக்க மாட்டார்கள். அந்த மூன்று மாதமும் அடுத்த தடவைக்காக உடம்பைத் தயார் செய்வார். அதற்குத்தான் பீட்ரூட், அதற்குத்தான் ஈரல். மலேரியா வந்தால் மாதக்கணக்கில் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் சாக்ஸ். இது சபையில் எங்கள் யாருக்கும் பல வருஷங்கள் தெரியாது. தெரியாமல் நான் அவருக்குச் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கிடர்பூரில் கப்பல் சரக்கு இறக்குகிற கிரேனில் வேலை பார்த்தேன். அண்ணாச்சிக்கு ஆற்றின் அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில், ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றுகிற வேலை. யார்டில் வண்டி வந்து நின்றதும் தடித்த குழாயைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போவார். "நம்ம ஊருக்குப் போற வண்டிக்கெல்லாம் நான்தான்வே தண்ணி குடுக்கேன். நான் போவலன்னாலும் என் தண்ணி போவுது" என்பார். ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி, மனைவியோடு ஆராதனைக்கு வந்துவிடுவார். எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. வங்காளிச் சபையார் தங்கள் கோயிலில் பிற்பகலில் எங்களுக்கு இடம் கொடுக்கிறார்கள். வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைப்பது என் ஊழியம்.

அதனால் அண்ணாச்சியின் செல்போன் விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். போனை அணைக்கவே மாட்டார். "அண்ணாச்சி, ஆராதனை" என்பேன். "நடுங்குறாப்புல வச்சிருக்கேன்வே, சத்தம் வராது" என்பார். அது நடுங்கினால் வெளியே எடுத்துக்கொண்டு போவார். சில நாட்களில் திரும்பி வருவதே இல்லை. அவர் மனைவி தனியாக பஸ் ஏறிப் போவார். அந்த அக்கா அதிகம் பேசாதவர். கேட்டால், "அவுகளுக்கு வேலை வந்திருச்சு" என்பதோடு சரி.

பெரிய வெள்ளியன்று எங்கள் சபையில் மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஆராதனை நடக்கும். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் எடுத்துப் பேசுவார்கள். எல்லோரும் வெறும் வயிறு. தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. மூன்று மணி ஆனபின் பெண்கள் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொடுப்பார்கள். அந்தக் கஞ்சிதான் அன்றைக்கு முதல் ஆகாரம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்த நாங்கள் இந்த உபவாசத்தில் மட்டும் ஒரு அணுவும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஏழு வார்த்தைகளை யார் பேசுவது என்பதில் எங்களுக்குள் போட்டி உண்டு. பெரும்பாலும் ஆபீசர்களுக்கும் வாத்தியார்களுக்கும்தான் கிடைக்கும். அண்ணாச்சி வருஷா வருஷம் செயலாளரிடம் போய் நிற்பார். "எனக்கு அந்த அஞ்சாவது வார்த்தை கெடைக்குமாய்யா? தாகத்தைப் பத்தினது. நான் தண்ணி வேலை பாக்கவன். எனக்கு அதுல ரெண்டு சொல் சொல்லணும்." செயலாளர் ஒரு மத்திய அரசு ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். நல்லவர்தான். "பாப்போம் அண்ணாச்சி" என்று அனுப்பிவிடுவார். இப்படியே பதினோரு வருஷம் போயிற்று. பன்னிரண்டாவது வருஷம் ஒரு புரொபசருக்கு மாற்றல் வந்து இடம் காலியாக, ஐந்தாம் வார்த்தை அண்ணாச்சிக்கு வந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின அந்த லெந்து நாற்பது நாளும் அவரைப் பார்க்க வேண்டுமே! ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்து, அதன் முதுகில் ஒரு வரி எழுதுவார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி. அதை ரப்பர் பேண்ட் போட்டு, சட்டைப் பையில் பேரீச்சம்பழத்தோடு வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் காட்டுவார். "இன்னைக்கி இருபத்தி மூணு வரி ஆச்சுவே."

"ஒரே நாள்ல எழுதிப்புடலாமே அண்ணாச்சி?"

"நமக்கு ஒரு நாளைக்கு ஒரு வரிக்குத்தான்வே கெதி இருக்கு."

பெரிய வெள்ளி வந்தது. அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கைநுனியில் கறை இல்லை, புதுச் சட்டை. மூன்றாம் வார்த்தை முடிந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் கை பைக்குப் போனதைக் கண்டேன். எழுந்தார். குனிந்தபடி ஓரமாக நடந்து வாசலைத் தாண்டிப் போனார். சரி, வந்துவிடுவார் என்று நின்றேன். நான்காம் வார்த்தை தொடங்கிப் பாதி ஆயிற்று. ஆளைக் காணோம். அடுத்தது அவர். நான் வெளியே வந்து தெருவைப் பார்த்தேன்.

கோயிலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. மண் குவளையில் டீ கொடுப்பார்கள். அங்கே அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ரொட்டி. மறு கையில் அவித்த முட்டை. அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தார். முன்னாலிருந்த தட்டில் இன்னொரு முட்டை, உரித்து வைத்தது.

எனக்குத் தலை சுற்றியது, பசியால் அல்ல. தெருவைத் தாண்டிப் போனேன்.

"அண்ணாச்சி! என்ன காரியம் செய்யுதிய? இன்னைக்கி என்ன நாளு?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "தெரியும்வே. கொஞ்சம் அவசரம்" என்றார். இரண்டாவது முட்டையையும் வாயில் போட்டார். டீயை ஊற்றிக்கொண்டார். சுடச்சுட, அப்படியே.

"உள்ள அடுத்தது உங்க வார்த்தை!"

அப்போது அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அன்றைக்கு எனக்கு அது என்னவென்று புரியவில்லை. பையிலிருந்து அந்தக் காலண்டர் தாள் கட்டை எடுத்து என் கையில் வைத்தார். "இத நீரே வாசிச்சிரும். எழுத்து கோணலா இருக்கும், பாத்துக்கிடும்." அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டார்.

நான் அந்தக் கட்டைப் பார்த்தேன். நாற்பது தாள். முட்டை தின்ற கையால் கொடுத்தது. 'இந்த வாயால் சொல்ல நினைத்ததை நான் போய்ப் பரிசுத்த இடத்தில் வாசிக்கவா?' என்று கொதித்தது மனசு. கடை ஓரத்தில், குடித்துவிட்டு உடைத்துப் போடுகிற குவளைகளுக்காக ஒரு தொட்டி இருந்தது. அதில் எறிந்துவிட்டு வந்தேன். ஐந்தாம் வார்த்தையைச் செயலாளரே பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

சாயங்காலம் வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள். "ஒளிஞ்சு நின்னா தின்னாரு?"

"இல்ல. ரோட்டுல நின்னு."

"கோயிலுக்கு நேர் எதிரேயா?"

"ஆமா. என்ன துணிச்சல் பாரு."

"கள்ளத்தனமா திங்கவன் கோயிலுக்கு எதுத்தாப்புல நின்னா திம்பான்? நீங்க ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியளா?"

"கேக்க என்ன இருக்கு? கண்ணால பாத்தேன்" என்றேன். அவள் வெங்காயத்தைக் கொஞ்சம் வேகமாக அரிந்தாள்.

அடுத்த வாரம் கமிட்டியில் நான்தான் எழுந்து சொன்னேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"பெரிய வெள்ளியன்னைக்கு ஆராதனை நடக்கும்போது சாப்பிட்டது உண்மையா?"

"உண்மைதான்."

"உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருந்துது."

"பின்ன எதுக்கு?"

"தேவைப்பட்டுதுய்யா" என்றார். அவ்வளவுதான். யாரோ பின்னாலிருந்து, "பீட்ரூட்டுக்கு வெள்ளியும் கிடையாது, சனியும் கிடையாது" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. இனி ஏழு வார்த்தைகளில் அவருக்கு இடம் இல்லை, சபையில் வேறு பொறுப்பும் இல்லை என்று தீர்மானம் ஆனது. "சரி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் ஒன்று கேட்டார். "வாசிச்சீராவே?" நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் வந்தார். பின் பெஞ்சில் உட்கார்ந்தார். முன்பு போலவே பீட்ரூட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் ஆயிற்று. துர்கா பூஜைக் காலம் முடிந்து பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் வாசலில் ஒரு வங்காளிக் குடும்பம் வந்து நின்றது. புருஷன், பெண்சாதி, அவள் தோளில் ஒரு கைக்குழந்தை. அவர் கையில் மிட்டாய்ப் பெட்டியும் ஒரு அழைப்பிதழும்.

"ஜோல் தாதா இருக்காரா?" என்று கேட்டார். ஜோல் என்றால் தண்ணீர். தாதா என்றால் இங்கே அண்ணன். "பெயர் தெரியாது. மதராசி. ரயிலுக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னார். போன் பண்ணின அன்னிக்கு இந்தக் கோயிலில்தான் இருந்தார்."

"என்ன விஷயம்?" என்றேன்.

அவர் வங்காளமும் இந்தியுமாகச் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். "என் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. அன்னிக்கு லீவு நாள். அவள் வகை ரத்தம் எங்கேயும் இல்லை. யாரோ இவருடைய நம்பர் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்த வங்கிக்கு வந்துவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். டாக்டர் கேட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று. வெறும் வயிற்றில் எடுக்க மாட்டார்களே. இவர் சொன்னார், 'இப்பத்தான். ரெண்டு முட்டை, ரொட்டி, டீ.' டாக்டர் நல்லது என்றார்."

இரண்டு முட்டை. அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

அவர் மேலே சொன்னார். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற சடங்கு வருகிறதாம். வங்காளிகளில் அதைத் தாய்மாமன்தான் ஊட்டவேண்டும். "இவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆனால் இவள் உடம்பில் ஓடுவது அவர் ரத்தம்தானே? அப்போ அவர்தானே மாமா? வருவாரா என்று கேட்க வந்தோம்."

அன்றைக்குப் பார்த்து அண்ணாச்சிக்கு யார்டில் வேலை, வரவில்லை. "நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று அழைப்பிதழை வாங்கிக்கொண்டேன். ஆராதனையில் என்ன பாடினார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் செயலாளரிடம் மட்டும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சாந்த்ராகாச்சிக்குப் போனேன். தெற்கே போகிற வண்டி ஒன்று நின்றிருந்தது. அண்ணாச்சி ஒரு பெட்டிக்குக் குழாயை மாட்டிவிட்டு, தொட்டி நிரம்புகிற சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றார்.

"என்னவே, இவ்வளவு தூரம்? சாப்பிட்டீரா?"

நான் அழைப்பிதழைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அந்தத் தாள்களைப் பற்றியும் சொன்னேன். "அண்ணாச்சி, உங்க தாளை நான் வாசிக்கல. குவளைத் தொட்டியில போட்டுட்டேன்."

அவர் குழாயைப் பார்த்தபடி நின்றார். தொட்டி நிரம்பி, தண்ணீர் பெட்டியின் பக்கவாட்டில் வழிந்து தண்டவாளத்துக் கற்களில் கொட்டியது. ஒரு சொட்டு சிந்தவிடாதவர் அவர். கொட்டட்டும் என்று நின்றார். அப்புறம்தான் வால்வை மூடினார்.

"நாப்பது வரிவே" என்றார் மெதுவாக.

நான் அழுதுவிட்டேன். யார்டில் நாலு பேர் பார்க்க.

"ஏய், இதுக்குப் போயி அழுவாவ? நிறுத்தும். போவட்டும், எழுதினவன் இருக்கேன்லா." குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏன் அண்ணாச்சி, கமிட்டியில சொல்லியிருக்கலாம்லா? அன்னைக்கிக் கடையிலயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"கடையில சொல்ல ஏது நேரம்? வாயில முட்டை. கமிட்டியில சொன்னா என்ன ஆவும்? எல்லாரும் கை தட்டுவீய. அடுத்த தடவை போன் வரும்போது, கூப்பிடுத ஆளுக்காவப் போறேனா, கைதட்டுக்காவப் போறேனான்னு எனக்கே தெரியாமப் போயிரும்." குழாயை மாட்டினார். "வருஷங்களுக்கு முன்னால இந்த யார்டுல ஒரு பீகார்க்காரனுக்குக் கால் போச்சு. ரத்தம் கேட்டாங்க, போயி வரிசையில நின்னோம். அப்பந்தான் எனக்கு இப்படி ஒரு வகைன்னு தெரிஞ்சுது. எனக்குப் பாட்டு வராது. படிப்பு கிடையாது. ஆண்டவரு இத வச்சிருக்காரு. அவரு வச்சத அவரு கேக்கும்போது குடுக்கணும், அவ்வளவுதான். அது கெடக்கட்டும், உம்ம வகை என்ன?"

"தெரியாது அண்ணாச்சி."

"இத்தனை வயசுக்குத் தெரியாதா? கிரேன் எத்தனை டன் தூக்கும்னு தெரியும், உம்ம ஒடம்புல என்ன ஓடுதுன்னு தெரியாதா? நல்லாருக்குவே!"

அந்த வாரமே என்னைக் கூட்டிப் போனார். விரலில் குத்தி ஒரு சொட்டை நீல மருந்துத் தண்ணீரில் விட்டார்கள். மூழ்கினால் ரத்தம் நல்ல கனம் என்று அர்த்தமாம். என் சொட்டு மிதந்தது. கிரேன் ஓட்டுகிறவன், ஆறடி ஆள், என் ரத்தத்தில் சத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணாச்சி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. வெளியே வந்ததும் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். "இனிமே நீரும் பீட்ரூட்டுதான்வே."

முதல் சோறு ஊட்டுகிற சடங்குக்கு அவரோடு நானும் போயிருந்தேன். சங்கு ஊதினார்கள். அண்ணாச்சி முழுக்கைச் சட்டையும் சாக்ஸுமாக சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். வெள்ளிக் கரண்டியில் பாயசம். குழந்தை துப்பிவிட்டது, அவருடைய ஊதாக் கறையின் மேலேயே. "பாத்தீரா, மாமன் சட்டைய இப்பமே வெளுக்கான்" என்று தமிழில் சொன்னார். அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

கமிட்டி தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. செயலாளர் தாமே வந்து, "அடுத்த வருஷம் அஞ்சாவது வார்த்தை உங்களுக்குத்தான் அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் எதிர்பார்த்தது அவர் சம்மதிப்பார் என்றுதான். பன்னிரண்டு வருஷம் கேட்டவர் அல்லவா?

"வேண்டாம்யா" என்றார். "மேடையில நிக்கும்போது போன் வந்தா, சனங்கள விட்டுட்டு எறங்கி ஓடவா? அன்னைக்கி ஒரு தடவை ஓடினது போதும். அப்புறம் இன்னொண்ணு. இனிமே நான் பெரிய வெள்ளியன்னைக்கி உபவாசம் இருக்கமாட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் கோயிலுக்கு வருவேன். கோவிச்சுக்கிடப்படாது."

கூட நின்ற குருவானவர் திடுக்கிட்டார். "ஏன் அண்ணாச்சி?"

"லீவு நாளு. ரத்தம் கெடைக்காத நாளு. அன்னைக்கிப் பார்த்து நாம அத்தனை பேரும் பட்டினி கெடந்தா, கூப்பிட்டா யாருய்யா போறது? அன்னைக்கி எனக்குக் கால் மணி நேரம் திங்கதுலயே போச்சு. அந்தப் பிள்ளை அங்க கெடக்கா, நான் இங்க முட்டை உரிக்கேன். நமக்குள்ள ஒருத்தனாவது சாப்பிட்டிருக்கணும்லா?"

என்னைப் போன்றவனுக்கு ஒரு நாள் பசியோடு இருப்பது பெரிய தியாகம். அவருக்கோ அந்தப் பசியை விட்டுக்கொடுத்ததுதான் தியாகம். அவருக்கு உபவாசம் எவ்வளவு பிரியம் என்று அண்ணாச்சி வீட்டு அக்கா பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். பெரிய வெள்ளி காலையில் அவர் பாத்திரத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாராம், மருந்து குடிக்கிற மாதிரி. ஆண்டவர் தம்மைக் கொடுத்ததை நாங்கள் மூன்று மணி நேரம் பாடினோம், பேசினோம். அவர் பின் பெஞ்சில், சாப்பிட்ட வயிறும் அணைக்காத போனுமாக உட்கார்ந்திருந்தார். அப்படியே ஆறு பெரிய வெள்ளிகள் போயின. அதில் இரண்டு தடவை எழுந்து போனார். நான் கதவைத் திறந்து விட்டேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சாந்த்ராகாச்சியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். மகள் ஊரில், நாசரேத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டு, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இங்க நம்பர் குடுத்து வச்சிருக்கேனேம்மா" என்று நாளைக் கடத்தினார். அறுபத்தைந்து வயதானால் ரத்தம் எடுக்க மாட்டார்கள். அந்தப் பிறந்தநாள் ஒரு பிப்ரவரி மாதம் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். அவர் என்னைத் தனியே அழைத்துப் போய் உட்கார வைத்தார். "முடிஞ்சு போச்சுவே. இனிமே கேக்கமாட்டாங்க." வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்குக்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இந்தப் பெரிய வெள்ளிக்கு நான் உபவாசம் இருக்கலாம்லா?" என்று கேட்டார், கமிட்டியிடம் அனுமதி கேட்கிறவர் மாதிரி.

"இருங்க அண்ணாச்சி" என்றேன். "நான் சாப்பிட்டுக்கிடுதேன்."

இந்தக் காலத்துக்குள் என் சொட்டு மூழ்கத் தொடங்கி வருஷங்கள் ஆகியிருந்தன. என்னுடையது அபூர்வ வகை இல்லை, சாதாரண வகைதான். சாதாரண வகைக்காரர்களும் பிரசவத்தில் கிடப்பார்கள் அல்லவா? என் நம்பரும் நாலு இடத்தில் கொடுத்திருந்தேன்.

அந்தப் பெரிய வெள்ளிதான் அவர் கல்கத்தாவில் இருந்த கடைசிப் பெரிய வெள்ளி. மே மாதம் மகள் வீட்டுக்குப் போனார். சென்ற வருஷம் அங்கே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தக் கடைசிப் பெரிய வெள்ளியன்று முன் பெஞ்சில், வெறும் வயிற்றோடு, உதடு காய்ந்து, அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் வார்த்தை பேச இந்த முறை சம்மதித்திருந்தார், ஆனால் கையில் தாள் இல்லை. நான்காம் வார்த்தை முடிகிற நேரத்தில் நான் வாசலை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனேன். காலையில் அவசரத்தில் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ரொட்டி சொன்னேன். இரண்டு முட்டை சொன்னேன்.

கோயில் ஜன்னல்கள் திறந்திருந்தன. மைக்கில் அவர் குரல் தெருவரை வந்தது.

"எனக்குப் பேசத் தெரியாது. நான் வண்டிக்குத் தண்ணி ஊத்தினவன். ஆண்டவருக்குத் தாகம் எடுத்தப்போ சுத்தி நின்னவங்ககிட்ட ஒரு வாய் நல்ல தண்ணி இல்ல, புளிச்ச காடிதான் இருந்துச்சு. அன்னைக்கி நான் அங்க நின்னிருந்தா ஒரு வாளி வச்சிருப்பேனேன்னு நாப்பது நாளும் எழுதினேன். அந்தத் தாள் போச்சு. போனதும் நல்லதுதான். அவரு அன்னைக்கி மட்டுமா கேட்டாரு? இன்னைக்கும் கேக்காரு. போன்ல கேக்காரு." உள்ளே சிரிப்புச் சத்தம். "அதனால போன் அடிச்சா எடுங்கையா. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

நான் முதல் முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு ஆபீசரின் மனைவி, தாமதமாகி, முக்காட்டைச் சரிசெய்தபடி தெருவில் வந்தவர் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். என் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"அண்ணே... இன்னிக்குப் பெரிய வெள்ளி."

"தெரியும்மா. நீங்க உள்ள போங்க. அஞ்சாவது வார்த்தை நடக்குது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கமிட்டியில் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லட்டும். போனை எடுத்துப் பார்த்தேன். அணைக்காமல்தான் இருந்தது. அன்றைக்கு அது அடிக்கவே இல்லை. ஆனாலும் இரண்டாவது முட்டையையும் சாப்பிட்டேன்.